கடைசிவரை கேட்கிறவர்கள்

அன்னபுஷ்பம் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தவள். ஆனாலும் ஒரகடத்திலிருந்து வல்லம் வடகாலுக்குப் போகிற சாலையில், கோதண்டராமனுடைய மனை விற்கும் ஆபீசில் அவளுக்கென்று ஒரு நாற்காலியும் மேசையும் போனும் இருந்தன. குரலுக்காகக் கிடைத்த வேலை அது. ஆலயத்தில் அவள் வேதபாடம் வாசித்தால் வாசலில் நிற்கிறவர்களுக்கும் காதில் விழும், ஆனால் யாரையும் அதட்டுகிற மாதிரி இருக்காது. அவள் "வணக்கம் சார்" என்று ஆரம்பித்தால் எரிந்து விழ வந்தவர்கூட ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்வார்.

கணவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம். மகள் ஜோவிதா நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். இந்த நாற்காலி ஆண்டவர் பார்த்துக் கொடுத்தது என்று அன்னபுஷ்பம் நம்பினாள். தினமும் காலையில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். எதிர் மேசையில் போன் போடுகிற கங்கா அந்த நேரம் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள்.

2013 பொங்கல் முடிந்த வாரம் கோதண்டராமன் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். சக்திகுமார் என்று பெயர். சென்னையில் ஏதோ மெசேஜ் அனுப்புகிற கம்பெனியில் வேலை.

"இனிமே போன் போடறது கம்ப்யூட்டரு" என்றார் கோதண்டராமன்.

"அப்ப நாங்க இன்னா சார் பண்றது?" என்றாள் கங்கா.

"யாருக்கு எப்ப போடணும்னு அதுக்குச் சொல்லித் தரணும்ல. அதுக்கு ஒரு ஆள் வேணும்."

ஒரு ஆள் என்றால் இரண்டு பேரில் ஒருத்திக்கு இடமில்லை. அன்னபுஷ்பமும் கங்காவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்துகொண்டார்கள்.

சக்திகுமார் பொறுமையாகத்தான் விளக்கினான். "ஏதாவது ஒண்ணு நடக்கணும்மா. அது நடந்தா மெஷினே தானா போன் போடும். அந்த ஒண்ணுக்குப் பேரு ட்ரிகர். துப்பாக்கில விசை இருக்குல்ல, அந்த மாதிரி."

"விசைய நாங்க சொல்றோம். குண்டு யாரு மேல படும் தம்பி?" என்றாள் கங்கா.

அவன் சிரித்தான். கோதண்டராமன் சிரிக்கவில்லை.

முதலில் இரண்டு விசை வைத்தார்கள். சாலையோரப் பலகையில் இருக்கிற நம்பருக்கு யாராவது மிஸ்டு கால் கொடுத்தால் உடனே மெஷின் திருப்பிக் கூப்பிடும். இலவச வேனில் ஏறி மனையைப் பார்த்துவிட்டுப் போனவர்களை மூன்றாம் நாள் கூப்பிடும். இரண்டு மாதம் ஓடியது. மிஸ்டு கால் கொடுத்தவர்கள் எல்லாம் கம்பெனி வேலைக்கு வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த பையன்கள். தளவாய், மாரிராஜ் என்று தெற்கத்திப் பெயர்களாகவே வந்து விழுந்தன. ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏறினால் மதியம் பிரியாணிப் பொட்டலம் உண்டு என்பது அவர்களுக்குத் தெரிந்துபோயிருந்தது.

"சோத்துக்கு வந்தவன்கிட்ட எல்லாம் மெஷின் மனை வித்துக்கினு கீது" என்றாள் கங்கா.

கோதண்டராமன் இரண்டு பேரையும் உட்கார வைத்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. முன்னே உரக்கடை வைத்திருந்தார். வயல்கள் போனதும் கடையும் போயிற்று. "யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு மனுசனுக்கு எப்பம்மா சொந்தமா இடம் வேணும்னு தோணும்? அத மட்டும் கண்டுபுடிச்சிட்டா போதும்" என்றார்.

அன்னபுஷ்பம் யோசித்தாள். அவளுக்குத் தெரிந்த உலகம் ஆலயம்தான்.

அவர்கள் ஆலயத்தில் ஞாயிறுதோறும் ஸ்தோத்திர காணிக்கையை வாசிப்பார்கள். யார் கொடுத்தார்கள் என்பதோடு, என்ன நன்மைக்காகக் கொடுத்தார்கள் என்பதையும் சபையார் கேட்க வாசிப்பதுதான் வழக்கம். பேத்தி பிறந்ததற்காக, ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்காக, மகளுக்கு வரன் அமைந்ததற்காக. போன நவம்பரில்கூட தோழி செல்லக்கனியின் மகன் ஜெபர்சன் கம்பெனியில் பர்மனென்ட் ஆனதற்காக என்று வாசித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்லக்கனி அன்னபுஷ்பத்தின் கையைப் பிடித்து நசுக்கிவிட்டாள். அன்று ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அவள் பேசின முதல் பேச்சே, "இனி அவனுக்கு ஒரு சொந்த வீடு பாக்கணும்ளா" என்பதுதான்.

"ஒருத்தருக்கு நல்லது நடந்தா அடுத்து வூடுதான் சார் நெனைப்பாங்க" என்றாள் அன்னபுஷ்பம். காணிக்கை வாசிக்கிற வழக்கத்தையும் சொன்னாள்.

கோதண்டராமன் நாற்காலியில் நிமிர்ந்தார். "வாராவாரம் வாசிப்பாங்களா? காரணத்தோடவா?"

சபையில் எல்லாருக்கும் கேட்க வாசிப்பதைத்தானே சொல்கிறோம், ரகசியம் ஒன்றுமில்லையே என்று அவள் நினைத்தாள். நல்ல செய்தி வந்த வீட்டுக்கு இன்னொரு நல்ல செய்தி போகிறது, அவ்வளவுதான். அதிலிருந்து ஞாயிறுதோறும் அறிவிப்புத் தாளின் பின்பக்கத்தில் பெயரைக் குறித்துக்கொண்டு வந்தாள். நம்பர்கள் அவளிடம் ஏற்கெனவே இருந்தன. ஆலயத்தின் பெண்கள் ஐக்கியத்துக்கு அவள்தான் செயலாளர், வீட்டு ஆண்களின் நம்பரும் அவள் நோட்டில் உண்டு. வேலை கிடைத்தால் பத்தாம் நாள், கல்யாணமானால் ஒரு மாதம் கழித்து, பிள்ளை பிறந்தால் ஞானஸ்நானம் முடிந்ததும் என்று சக்திகுமார் பதிந்துகொண்டான்.

"பழசும் ஞாபகம் இருந்தா சொல்லுங்கம்மா. வருஷா வருஷம் அதே தேதி வந்தா மெஷின் அவங்களக் கூப்பிடும்" என்றான்.

ஞாபகத்திலிருந்து அறுபது, எழுபது பேரைச் சொன்னாள். ஜெபர்சனையும் சொன்னாள்.

குரலும் அவளுடையதையே எடுத்துக்கொண்டார்கள். வெள்ளையடித்த எல்லைக் கற்களை அடுக்கிவைத்திருந்த பின்னறையில், கதவைச் சாத்திவிட்டு, இரண்டு நாள் உட்கார்ந்து பேசினாள். செய்தி ஒன்றுதான். பெயர்களை மட்டும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். மெஷின் அவற்றை முன்னால் ஒட்டிக்கொள்ளுமாம். இனி வரப்போகிறவற்றையும் சேர்த்து முந்நூறு பெயருக்குமேல் சொன்னாள். தெரிந்த பெயர் வரும்போதெல்லாம் அந்த முகம் வந்தது. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்வதுபோலவே சொன்னாள்.

"ஜெபர்சன் அவர்களே, வணக்கம். நல்லா இருக்கீங்களா? உங்க வாழ்க்கையில ஒரு நன்மை நடந்திருக்கு. சந்தோஷம். அடுத்து உங்களுக்குன்னு ஒரு இடம் காத்துக்கிட்டு இருக்கு." இப்படி ஆரம்பித்து, சாலை, தண்ணீர், பத்திரம் என்று ஒன்றரை நிமிடம் போகும்.

மனை வேண்டுமென்றால் ஒன்றை அழுத்தச் சொல்லியிருந்தார்கள். ஒருவரும் அழுத்தவில்லை. "யாருக்கு ஆசை இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்று சக்திகுமார் தலையைச் சொறிந்தான்.

வருஷக்கணக்காகப் போன் போட்டவளுக்கு அது தெரியும். "வேணாங்கறவங்க பாதியிலயே வச்சிடுவாங்க தம்பி. கடைசிவரைக்கும் கேக்கறவங்க மனசுல ஏதோ ஒண்ணு கீது. அவங்கள மறுபடி கூப்பிடணும்."

அவன் உடனே எழுதிக்கொண்டான். முழுக்கக் கேட்டால் மறுநாள் காலை பத்துக்கு ஒருதரம், மாலை ஆறுக்கு ஒருதரம். அதையும் முழுக்கக் கேட்டால் அதற்கு மறுநாளும் அப்படியே.

அந்தக் கோடையில் மனைகள் விற்றன. ஜூன் பிறக்கிறபோது கங்காவை நிறுத்திவிட்டார்கள். அவள் சோற்று டப்பாவையும் குடையையும் எடுத்துக்கொண்டு, அன்னபுஷ்பத்தின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"தினம் கண்ண மூடிக்கினு எத்தினி பேருக்கு ஜெபம் பண்ணியே அக்கா. என் பேரையும் நடுவுல ஒருதரம் சேத்திருக்கலாம்" என்றாள். அன்னபுஷ்பம் சேர்த்துத்தான் இருந்தாள்.

அதே மாதக் கடைசியில் ஜெபர்சன் செத்துப்போனான். ஷிப்ட் முடிந்து ஒரகடம் கூட்ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்காகச் சாலையைக் கடந்தவனைக் கண்டெய்னர் லாரி அடித்துவிட்டது. இருபத்துநாலு வயது. செல்லக்கனிக்கும் அவள் கணவர் யாக்கோபுக்கும் வேறு பிள்ளை கிடையாது. அவன் வேலைக்காகவே சாத்தான்குளம் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து பிள்ளைப்பாக்கத்தில் வாடகைக்கு இருந்தவர்கள். அன்னபுஷ்பம் மூன்று நாள் லீவு போட்டு, அந்த வீட்டில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். அடக்கத்தில் பாட்டை எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். பிறகு வேலைக்குத் திரும்பி, அடுத்த ஞாயிற்றின் பெயர்களைக் கொண்டுபோய்ச் சக்திகுமாரிடம் கொடுத்தாள்.

பட்டியலில் ஒரு பெயர் ஏறுவதற்கு அத்தனை வழி வைத்திருந்தார்கள். செத்தவர் பெயர் இறங்குவதற்கு வழி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

நவம்பருக்குப் பிறகு செல்லக்கனி ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அதுவரை அழுதுகொண்டாவது வந்துகொண்டிருந்தாள். ஹாஸ்டல் பையன்களுக்கு இட்லி அவித்துக் கொடுத்ததையும் விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டபோது, துக்கம் இப்படித்தான், போகப்போக ஆறும் என்று அன்னபுஷ்பம் தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் கொண்டுபோனாள். செல்லக்கனி வாங்கி வைத்துக்கொண்டு, சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்தபடி இருந்தாள்.

2014 ஜனவரியில் ஒரு நாள் கோதண்டராமன் ஒரு தாளோடு வந்தார். யார் யார் எத்தனை தடவை முழுக்கக் கேட்டார்கள் என்று மெஷின் போட்ட வரிசை.

"புஷ்பம்மா, இத பாரு. மத்தவன் எல்லாம் ரெண்டு தபா, மூணு தபா. இவன் நூத்திப் பதினாலு தபா கேட்டுக்கிறான். ஒரு தபாகூட நடுவுல வைக்கல. வாங்காம வுடமாட்டான். யாரு இந்த ஜெபர்சன்?"

அவளுக்கு நம்பரைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. நவம்பரில் அவன் பர்மனென்ட் ஆன தேதி வந்ததும் மெஷின் கூப்பிட ஆரம்பித்திருக்கிறது.

"நான் நேர்ல போய்ப் பாத்துட்டு வரேன் சார்" என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்கு ஐந்து மணிக்கே கிளம்பி, பிள்ளைப்பாக்கம் போய்ச் சேர்ந்தாள். யாக்கோபு ஒரு கிடங்கில் வாட்ச்மேன். வேலைக்குப் போகாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே செல்லக்கனி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் சார்ஜர் ஒயரோடு மகனுடைய போன்.

"வாளா புஷ்பம். இரி. இப்பம் வரும்" என்றாள்.

ஆறு மணிக்குப் போன் அடித்தது. செல்லக்கனி பச்சைப் பொத்தானை அழுத்தி, காதில் வைக்காமல், சத்தமாகக் கேட்கிற மாதிரி வைத்தாள். ஜெபர்சன் அவர்களே, வணக்கம், நல்லா இருக்கீங்களா என்று அன்னபுஷ்பத்தின் குரல் கேட்டது. உங்களுக்கென்று ஒரு இடம் காத்துக்கொண்டிருக்கிறது என்றது. செல்லக்கனி முந்தானையைப் பிடித்துக்கொண்டு, சாலை, தண்ணீர், பத்திரம் எல்லாவற்றையும் கேட்டாள். போன் ஓய்ந்ததும் அதைத் துடைத்துக் கீழே வைத்தாள்.

"நீதான் கூப்பிடுதன்னு மொதநாளே தெரியும்ளா" என்றாள். "அவன் பேர இப்பம் ஒருத்தரும் சொல்ல மாட்டுக்காவ. வாசல்ல இருக்க இவியளும் சொல்ல மாட்டுக்காவ. நான் அழுவேன்னு பயந்துக்கிடுதாவ. நீ மட்டுந்தான் தெனமும் கூப்பிட்டுச் சொல்லுத."

"கனி, அது நான் இல்ல. மெஷினு. நிறுத்தணும்னு சொல்லத்தான் வந்தேன்."

"எதுக்கு நிறுத்தணும்? நான் யாருக்கு என்ன பண்ணுதேன்? நிறுத்திராத தாயி."

அன்னபுஷ்பம் எழுந்தாள். யாக்கோபு தெருமுனைவரை கூடவே வந்தார்.

"தங்கச்சி, நிறுத்திருங்க" என்றார். "பத்து மணிக்கு வரும்னு காலைல எங்கயும் போகமாட்டா. ஆறு மணிக்கு வரும்னு சாயங்காலம் எங்கயும் போகமாட்டா. ஞாயித்துக்கெழமையும் பத்து மணிக்குத்தான வருது, அதான் கோயிலுக்கு வரல. நடுவுல தூங்குதா, இல்லன்னா அந்தப் போனத் தொடச்சிக்கிட்டே இருக்கா. சோறு நான் ஊட்டுனாத்தான். இப்படியே போனா நான் அவளையும் கல்லறையில கொண்டுபோய் வைக்கணும்."

நிறுத்தினால் செல்லக்கனியிடமிருந்து மகனை இரண்டாம் தடவை பிடுங்குவது. நிறுத்தாவிட்டால் அவளையே அந்தப் போனுக்குத் தின்னக் கொடுப்பது. ஷேர் ஆட்டோவில் வருகிற வழியெல்லாம் அன்னபுஷ்பம் வழி காட்டச் சொல்லி ஜெபித்தாள். ஒரு வழியும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தபோது, யாக்கோபு கேட்டதைச் செய்துவிடலாம் என்று மட்டும் முடிவு செய்திருந்தாள்.

மறுநாள் ஆபீசில் உள்ளதைச் சொன்னாள். சக்திகுமாரும் அன்றைக்கு வந்திருந்தான். அந்த மனுஷன் செத்து ஏழு மாதம் ஆகிறது, கேட்பது அவனுடைய அம்மா என்றாள்.

கோதண்டராமன் நிஜமாகவே வருத்தப்பட்டார். "பாவம்மா. தூக்கிடு சக்தி" என்றார்.

அவன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "எடுக்கணும்னா காரணம் கேக்குது சார். வாங்கிட்டாரு, வேணாம்னுட்டாரு, நம்பர் தப்பு, இந்த மூணுதான் இருக்கு" என்றான்.

"செத்துட்டாருன்னு ஒண்ணு போடேன் தம்பி" என்றாள் அன்னபுஷ்பம்.

அவன் போட்டான். ஜெபர்சன் பெயர் பட்டியலிலிருந்து போயிற்று. அவள் மூச்சுவிட்டாள். அப்போதுதான் கோதண்டராமன் கேட்டார்.

"நஷ்ட ஈடு வந்துச்சா அவங்களுக்கு?"

"தெரியாது சார்."

"வரும். லாரிக்காரன் இன்சூரன்ஸ், கம்பெனி பணம் எல்லாம் வரும். வயசானதுங்க அத வச்சிக்கினு இன்னா செய்யறதுன்னு தெரியாம யார்கிட்டயாவது ஏமாந்துடுங்க." தாடையைத் தடவிக்கொண்டார். "சக்தி, செத்துட்டாருன்னு போட்டா அதுலேர்ந்து ஒரு தொண்ணூறு நாள் கழிச்சு ஒரு போன் போற மாதிரி வைக்க முடியுமா? மரியாதையா. சந்தோஷம்னு எல்லாம் வேணாம். புள்ள ஞாபகமா அவன் பேர்ல ஒரு இடம், அப்படி. உங்க ஆலயத்துல சாவும் வாசிப்பாங்கல்ல புஷ்பம்மா? நீயே ரெண்டு வார்த்த நல்லபடியா பேசிக் கொடு. உன் குரல்ல சொன்னா ஆறுதலா இருக்கும்."

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஒரு வருஷத்துக்கு முன்னால் அவளும் இதே நாற்காலியில் உட்கார்ந்து இதே மாதிரி நல்ல மனசோடுதான் யோசனை சொன்னாள்.

"என்னால முடியாது சார்" என்றாள்.

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுதான் சார் சொல்றேன்."

வாரக் கடைசியில் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கங்காவையே திரும்பக் கூப்பிட்டு, அந்தச் செய்தியைப் பேசவைத்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. கங்கா மேல் அவளுக்கு வருத்தமில்லை. ஒரு கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவ ஆள் கேட்டார்கள். அன்னபுஷ்பம் அதில் சேர்ந்துகொண்டாள். ஜோவிதாவுக்குப் போனில் ஆபீஸ் மாறிவிட்டது என்று மட்டும் சொன்னாள்.

செல்லக்கனியைப் பார்க்கப் போக எட்டு நாள் தைரியம் வரவில்லை. ஒன்பதாம் நாள் ஷிப்ட் முடிந்து போனாள். செல்லக்கனி அதே கட்டிலில் இருந்தாள். முகம் இன்னும் வற்றிப்போயிருந்தது.

"அவன விட்டுட்டேம்ளா புஷ்பம்" என்றாள். "போன வாரம் காலைல தண்ணி லாரி வந்துட்டு. ரெண்டு குடம் புடிக்கப் போனேன். அந்த நேரம் பாத்துக் கூப்பிட்டிருப்பாவ. எடுக்கலன்னதும் வேண்டாம் போலன்னு விட்டுட்டாவ. போன்ல ஒண்ணும் காட்டல. ஆனா கூப்பிட்டிருப்பாவ. ரெண்டு கொடம் தண்ணிக்காக எம்பிள்ளைய விட்டுட்டேன்."

யாக்கோபு தலையைக் குனிந்துகொண்டார். அன்னபுஷ்பம் பேசாமல் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் செல்லக்கனி சாகும்வரை அந்தக் குடத்தைச் சுமந்துகொண்டிருப்பாள்.

"நீ தண்ணி புடிக்கப் போனதால இல்ல கனி. நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

செல்லக்கனி அவளையே பார்த்தாள். கத்தவில்லை. யாக்கோபு, தான் கேட்டுக்கொண்டதால்தான் என்று சொல்ல வாயெடுத்தார். அன்னபுஷ்பம் கையை அசைத்து வேண்டாமென்றாள்.

"அப்பம் நீ சொல்லு" என்றாள் செல்லக்கனி.

"இன்னா சொல்ல?"

"அதுல சொல்லுவியே, அதே மாதிரி. அவனக் கூப்பிடு."

அன்னபுஷ்பம் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் முழங்காலில் கைவைத்துக்கொண்டாள். "ஜெபர்சன் அவர்களே, வணக்கம்" என்றாள். "நல்லா இருக்கீங்களா" என்று வரவேண்டிய இடத்தில் நிறுத்தினாள். பிறகு அதையும் சொன்னாள்.

செல்லக்கனி தலையை ஆட்டினாள்.

"இது இல்ல. அதுல, அவன் செத்தது தெரியாம கூப்பிட்ட. அவன் எங்கயோ இருக்கான், இப்பம் வந்து எடுப்பான்னு கூப்பிட்ட. இதுல தெரிஞ்சி கூப்பிடுத." முழங்காலில் இருந்த கையை எடுத்து அப்பால் வைத்தாள். "நீ போளா."

இரண்டு ஞாயிறு கழித்துச் செல்லக்கனி ஆலயத்துக்கு வந்தாள். யாக்கோபு கைப்பிடித்துக் கூட்டிவந்தார். கொஞ்சம் சாப்பிடுகிறாள், இட்லிக்கு மாவு ஆட்டுகிறாள் என்று வாசலிலேயே அன்னபுஷ்பத்திடம் மெதுவாகச் சொன்னார். நன்றி என்பதுபோல் கையெடுத்தார். செல்லக்கனி பெண்கள் பக்கத்தில் வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். அன்னபுஷ்பம் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தபோது, அவள் எழுந்து சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். ஆராதனை முடியும்வரை நின்றுகொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் அன்னபுஷ்பம் அவள் பக்கம் எழுந்து போகவில்லை.

மே மாதம் வீட்டைக் காலி செய்துகொண்டு அவர்கள் ஊருக்கே போனார்கள். போகிற அன்றைக்கு யாக்கோபு வந்து சொல்லிக்கொண்டார். அன்னபுஷ்பம் தெருவரைக்கும் ஓடினாள். செல்லக்கனி முன்னமே டெம்போவில் ஏறி, பாத்திர மூட்டைகளுக்கு நடுவே, எதிர்ப்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.